தாமாருக்கு அசாதாரணத் தகுதி உண்டா?

எங்கள் மாவட்டமான ஹார்லோ கவுண்டியில் கிணறு வெட்டும் பர்வெல், தன் மனைவியைத் தானே விலைக்கு வாங்கி வைத்திருந்தான். முகம் சுளிக்காதீர்கள், கண்ணுகளா. அன்றைய வர்ஜீனியாவில் ஒரு கறுப்பன் தன் மனைவியோடு ஒரே கூரையின் கீழ் இருக்க அதைவிட மரியாதையான வழி எதுவும் இருக்கவில்லை.

பர்வெலின் பழைய எஜமானர் சாகும் தறுவாயில் மனம் இளகி அவனை விடுதலை செய்துவிட்டுப் போனார். அது பழைய சட்டத்தின் காலம். விடுதலையானவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கலாம். அவன் பன்னிரண்டு வருஷம் பூமிக்குள் இறங்கி இறங்கி மற்றவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான். அந்தக் கூலியில் தாமாரையும், அவள் கையிலிருந்த குழந்தை லெட்டியையும் வாங்கினான். சட்டப்படி அன்றிலிருந்து மனைவி அவனுக்கு அடிமை, மகளும் அடிமை.

வீட்டுக்குள் அந்தச் சட்டம் எப்படி நடந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். "ஏய் மனுஷா, அந்தச் சேத்துக் காலோட உள்ள வந்தே, பாத்துக்கோ!" என்று அடிமை கத்துவாள். எஜமான் வாசலில் நின்று கால் கழுவிவிட்டு உள்ளே வருவான்.

கிணற்று மண் அவன் நெஞ்சுக்குள் போய்விட்டது. இலையுதிர்காலத்தில் ஆரம்பித்த இருமல் குளிர்காலம் வந்தும் நிற்கவில்லை. துணியில் சிவப்பைப் பார்த்த அன்று பர்வெல் தன் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனான். தான் போவதற்கு முன்னால் மனைவியையும் மகளையும் விடுதலை செய்துவிட வேண்டும். அவனுக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

நீதிமன்றக் குமாஸ்தா ஸ்கோகின் நல்ல மனிதர். யாரையும் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார், ஒரு விதியையாவது கையில் கொடுத்துத்தான் அனுப்புவார்.

"தாராளமா விடுதலை பண்ணு, பர்வெல். உன் சொத்து, உன் இஷ்டம். சொத்துரிமையில தலையிட இந்த நாட்டுல யாருக்கும் அதிகாரம் கிடையாது."

"ரொம்ப நன்றிங்க ஐயா. எங்க கையெழுத்துப் போடணும்?"

"இங்க போடு. போட்ட நாள்ல இருந்து சரியா பன்னெண்டு மாசத்துல அவ மாநிலத்தை விட்டுப் போயிடணும்."

"போகலேன்னா?"

"அரசாங்கம் பிடிச்சு வித்துடும்."

பர்வெல் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே யோசித்தான். "அடிமையா இருந்தா இங்கயே இருக்கலாமா ஐயா?"

"அடிமையா இருந்தா அவளை இங்க யாரு வேண்டாம்னாங்க? சாகுற வரைக்கும் இருக்கட்டும்."

"சுதந்திரமா இருந்தா விப்பீங்க."

"உடனே இல்ல. ஒரு முழு வருஷம் சுதந்திரமா இருந்த பிறகுதான்," என்றார் ஸ்கோகின், சட்டத்தின் தாராளத்தை அவன் கவனிக்கத் தவறிவிட்டானே என்ற வருத்தத்தோடு.

"அப்ப அவ எந்த ஊருக்குப் போகணும் ஐயா?"

"அது அவ இஷ்டம், சுதந்திரமானவதானே. வடக்க மேரிலாந்து சேக்காது. தெக்க கரோலைனா சேக்காது. மேக்க கென்டக்கி சேக்காது. ஒஹாயோ சேக்கும், ஆனா ஜாமீன் போட ரெண்டு பணக்காரங்களைக் கூட்டிட்டுப் போகணும்."

"கிழக்க?"

"கிழக்க கடல். அங்க ஒரு தடையும் இல்ல."

பர்வெல் இரும ஆரம்பித்தான். இருமல் ஓயும்வரை ஸ்கோகின் மரியாதையாகக் காத்திருந்தார். அப்புறம்தான் அந்த இன்னொரு வழியைச் சொன்னார். விடுதலையானவர் இங்கேயே தங்க நீதிமன்றம் அனுமதி தரலாம். ஆனால் அந்த நபருக்கு அசாதாரணத் தகுதி இருப்பதாக நிரூபிக்க வேண்டும்.

"அப்படின்னா என்னங்க ஐயா?"

"சாதாரணமா இல்லாத தகுதி. போன வருஷம் ஒருத்தனுக்குக் கொடுத்தோம். தன் ஆளுங்க தப்பிச்சு ஓடத் திட்டம் போட்டதை முன்கூட்டியே வந்து சொன்னான். அதுக்கு முந்தி ஒருத்திக்குக் கொடுத்தோம். கர்னல் டிக்பியோட வேட்டை நாயை ஆறு அடிச்சிட்டுப் போனப்ப குதிச்சுக் காப்பாத்தினா. நாய் இன்னும் நல்லா இருக்கு."

விண்ணப்பத்தை நீதிமன்றக் கதவில் இரண்டு மாதம் ஒட்டி வைக்க வேண்டும்; ஊரில் ஆட்சேபம் உள்ளவர்கள் படித்துவிட்டுச் சொல்வதற்காக. ஸ்கோகின் அழகான எழுத்தில் எழுதி ஒட்டினார். நாற்பதாம் நாள் மழையில் அது கிழிந்து போயிற்று. கிழிந்த அறிவிப்பு அறிவிப்பே இல்லை என்று மறுபடியும் முதல் நாளிலிருந்து எண்ணினார்கள். அடுத்த முறை ஐம்பத்தாறாம் நாள், 'சுல்தான்' என்ற பொலிகுதிரை ஊருக்கு வந்திருக்கிறது என்ற பெரிய தாளை யாரோ அதன்மேல் ஒட்டிவிட்டார்கள். மறைந்த அறிவிப்பும் அறிவிப்பு இல்லை. குதிரையின் தாளைக் கிழிக்கலாமா என்று பர்வெல் கேட்டான். அது வேறொருவருடைய சொத்து என்றார் ஸ்கோகின்.

மூன்றாம் முறை பர்வெலே தினமும் வந்து கதவருகே உட்கார்ந்துகொண்டான். மழை வந்தால் கோட்டைக் கழற்றி அறிவிப்பின்மேல் பிடித்தான். அது அவன் நெஞ்சுக்கு எவ்வளவு நல்லது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் மாவுமில் நடத்தும் அப்னர் பர்வெலின் வீட்டுக்கு வந்தார். வெள்ளைக்காரர், ஆனாலும் அவருடைய நாலு பிள்ளைகளும் தாமார் கையில்தான் பிறந்தன, அந்த நன்றி அவருக்கு இருந்தது. ஆமாம், அதைச் சொல்ல மறந்துவிட்டேன்: தாமார் பிரசவம் பார்ப்பவள்.

"இதுக்குப் போயி இவ்வளவு கவலையா?" என்றார் அப்னர். "நாய்க்கே கொடுத்தானுங்கன்னா மில்லுக்காரனுக்குக் கொடுக்க மாட்டானுங்களா? செவ்வாக்கிழமை நான் மில்லுக் குட்டையில தவறி விழுறேன். தாமார் வந்து தூக்கட்டும். ரெண்டு சாட்சியைக் கரையில நிறுத்தி வெச்சிருக்கேன்."

"எனக்கு நீந்தத் தெரியாதுங்க ஐயா," என்றாள் தாமார்.

"எனக்கும் தெரியாது. அதனாலதான் நம்புவானுங்க."

செவ்வாய்க்கிழமை அப்னர் தவறி விழுந்தார். கையைக் காலை உதறி, செத்தேன் செத்தேன் என்று ஊரே கேட்கும்படி கத்தினார். தாமார் கரையில் நின்று பார்த்தாள். தண்ணீர் அவருடைய மேல்சட்டையின் இரண்டாவது பொத்தான் வரைதான் இருந்தது.

"எந்திரிச்சு நில்லுங்க ஐயா," என்றாள்.

அப்னர் எழுந்து நின்றார். சாட்சிகள் இரண்டு பேரும் கடவுளுக்கு முன்னால் பொய் சொல்ல முடியாது என்று சொல்லி, அவர் வாங்கிக்கொடுத்த ஆப்பிள் மதுவை மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள். "வாயை மூடிக்கிட்டு இழுத்திருக்கக் கூடாதா, பொம்பள?" என்று அப்னர் வெகு நாள் குறைப்பட்டுக்கொண்டார்.

ஜூலை மாத நீதிமன்ற நாளில் விசாரணை வந்தது. ஊரே மரியாதையாக 'ஸ்கொயர்' என்று கூப்பிடும் பண்ணைக்காரர் மெரிவெதர்தான் தலைமை நீதிபதி. நான் அப்போது அவர் வீட்டுச் சமையற்கட்டில் இருந்தேன். அவருடைய மதியச் சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனதால், சுவரோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். நாலு நாள் முன்புதான் சுதந்திர தினப் பேச்சு பேசியிருந்தார். அந்தச் சூடு இன்னும் தணியவில்லை.

"கனவான்களே," என்று ஆரம்பித்தார். "கடலுக்கு அப்பால உக்காந்துக்கிட்டு ஒரு ராஜா, நம்மளைக் கேக்காம நம்ம மேல சட்டம் போட்டான். ஒரு மனுஷன் எங்க இருக்கணும், எங்க போகணும்னு இன்னொரு மனுஷன் சொல்றதா? அந்த அவமானத்தைத் தாங்க முடியாமத்தான் எங்க அப்பா துப்பாக்கியைத் தூக்கினாரு." கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி. தாமார்ங்கிற இவ இங்க இருக்கணுமா, போகணுமான்னு இப்ப நாம முடிவு பண்ணணும்."

மேடையில் எட்டு நீதிபதிகள். ஆறு பேராவது சம்மதிக்க வேண்டும். முதலில் கர்னல் டிக்பி எழுந்தார்.

"எஜமானைக் கேக்கிறேன். பர்வெல், இவளை நீ கொடுமைப்படுத்துறியா?"

"இல்லீங்க ஐயா."

"அடிச்சிருக்கியா?"

"அவதான் ஒருதரம் பூரிக்கட்டையால..." என்று ஆரம்பித்த பர்வெல் தாமாரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். மேடையே சிரித்தது.

"பாருங்க," என்றார் கர்னல். "இவ்வளவு நல்ல எஜமான். இப்படிப்பட்டவனை விட்டு இவ ஏன் விடுதலையாகணும்? ஓர் அடிமையோட சந்தோஷத்தைக் கெடுக்கிறதுக்கு நான் ஓட்டுப் போட மாட்டேன்."

அப்புறம் தகுதி. தாமார் இந்தக் கவுண்டியில் நூற்று நாற்பது பிள்ளைகளை இந்த உலகத்துக்குக் கொண்டுவந்திருக்கிறாள், ஒரு தாயைக்கூடப் பறிகொடுத்ததில்லை என்று அப்னர் சத்தியம் செய்து சொன்னார். மேடையில் இருந்த எட்டு பேரில் ஐந்து பேரின் பிள்ளைகள் அந்தக் கணக்கில் இருந்தார்கள்.

கர்னல் தாடியைத் தடவினார். "ஒருத்தரைக்கூட விட்டதில்லையா?"

"ஒருத்தரைக்கூட இல்ல ஐயா."

"அப்ப ஒவ்வொரு தடவையும் பிழைச்சிருக்காங்க. ஒவ்வொரு தடவையும் நடக்கிறது சாதாரணம்தானே? அதுல அசாதாரணம் எங்க இருக்கு? பாதிப் பேரு செத்து, ஒருத்தியை மட்டும் காப்பாத்தியிருந்தா ஒரு நியாயம் இருக்கு."

மற்ற நீதிபதிகள் தலையை ஆட்டினார்கள். ஸ்கோகின் அதை எழுதிக்கொண்டார். பர்வெல் யாராவது சிரிப்பார்களா என்று சுற்றிலும் பார்த்தான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அந்த நேரத்தில் ஸ்கொயர் வீட்டுக் குதிரைக்காரன் மூச்சிரைக்க ஓடி வந்தான். ஸ்கொயரின் மருமகளுக்கு வலி எடுத்துவிட்டது, பிள்ளை கால் முன்னால் வருகிறது, டாக்டர் கையை விரித்துவிட்டார்.

ஸ்கொயரின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. "பர்வெல்," என்றார் தழுதழுத்த குரலில், "உன் அடிமையை அனுப்ப உனக்குச் சம்மதமா?"

"அவளைக் கேளுங்க ஐயா," என்றான் பர்வெல்.

கேட்பதற்கு அவள் அங்கே இல்லை. குதிரைமேல் குதிரைக்காரனுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து போயே போய்விட்டாள்.

மூன்றாம் நாள்தான் தாமார் வெளியே வந்தாள். நான் வெந்நீர் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டே இருந்தேன், அதனால் சொல்கிறேன்: அந்தப் பெண்ணையும் ஆண் குழந்தையையும் அவள் சாவின் வாயிலிருந்து விரல் விரலாகப் பிரித்து எடுத்தாள். அன்று மாலையே ஸ்கொயர் நீதிமன்றத்தைக் கூட்டினார். "இதைவிட அசாதாரணம் இந்தக் கண்ணு பாக்காது!" என்று மேஜையில் குத்திக்கொண்டு அழுதார். உண்மையான கண்ணீர். எட்டுக்கு ஏழு ஓட்டு விழுந்தது. கர்னல் டிக்பி மட்டும் கொள்கையில் உறுதியாக இருந்தார்.

"எம் மகளும்ங்க ஐயா?" என்றான் பர்வெல்.

லெட்டிக்கு அப்போது ஆறு வயது. ஸ்கொயர் மேடையிலிருந்து குனிந்து மிகவும் கனிவாகக் கேட்டார். "கண்ணு, நீ அசாதாரணமா என்ன செஞ்சிருக்கே?"

லெட்டி நன்றாக யோசித்தாள். "பல்லு விழுந்தப்ப அழல."

எல்லோரும் மனம்விட்டுச் சிரித்தார்கள். சமர்த்துக் குழந்தை, வளர்ந்து பெரியவளாகித் தகுதி காட்டட்டும், அப்போது பரிசீலிக்கலாம் என்று முடிவாயிற்று. அதுவரை தகப்பனுக்கு அடிமையாக இருப்பதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

பர்வெல் ஸ்கோகினின் மேஜைக்குப் போனான். "தாமார் பத்திரத்துல இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன் ஐயா."

"இப்பவா? தீர்ப்பைப் புத்தகத்துல ஏத்தி, அடுத்த நீதிமன்ற நாள்ல உரக்கப் படிச்ச பிறகுதான் அது செல்லும். அதுக்கு முந்தி நீ விடுதலை பண்ணினா, அனுமதி இல்லாம பண்ணினதா ஆயிடும். பன்னெண்டு மாசத்துல அவ கிளம்பணும்."

"எனக்கு உடம்பு சரியில்லீங்க. உயில் எழுதி வெச்சிடட்டுமா?"

"உயில்னா நீ செத்த பிறகு நடக்கிறது. இந்த அனுமதி உயிரோட இருக்கிற எஜமானுக்குக் கொடுத்தது." அவன் தோளில் தட்டிக்கொடுத்தார். "ஒரு மாசம்தானே. அதுவரைக்கும் உசிரோட இரு."

பர்வெல் அந்த விதியைத்தான் தன்னால் முடிந்த மட்டும் கடைப்பிடித்தான். மண்வெட்டியைத் தொடவில்லை. தாமார் கொடுத்த கஷாயத்தையெல்லாம் குடித்தான். தினமும் காலையில் "இன்னும் எத்தனை நாளு?" என்று கேட்பான். அவள் சொல்வாள். ஒரு காலையில் அவள் "ஒன்பது" என்றாள். "சரி, காத்துக்கிட்டிருக்கேன்" என்றான். சோளக் கஞ்சியை ஆற்றிக்கொண்டு அவள் திரும்பி வந்தபோது அவன் காத்துக்கொண்டிருக்கவில்லை.

நீதிமன்ற நாள் வந்தது. ஸ்கோகின் தீர்ப்பை உரக்கப் படித்தார்: தாமார் என்பவள் அசாதாரணத் தகுதி உடையவள், விடுதலை பெற்றபின் தன் ஆயுள் முழுவதும் இந்தக் கவுண்டியில் வசிக்க உரிமை உடையவள். படித்து முடித்துவிட்டு, விடுதலை செய்ய வேண்டிய எஜமானை மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். முறை அப்படி. மூன்று தடவையும் தாமார் தலை குனிந்துகொண்டாள்.

எஜமான் இறந்துவிட்டபடியால் சொத்து வாரிசுக்குப் போக வேண்டும். வாரிசு யார் என்று நீதிமன்றம் ஆராய்ந்தது.

"மனைவி உண்டா?" என்று ஸ்கொயர் கேட்டார்.

"இல்லீங்க," என்றார் ஸ்கோகின். "அடிமை கல்யாணம் பண்ணிக்க முடியாது. அதனால மனைவி இல்ல."

"பிள்ளை?"

"சட்டப்படி இல்லீங்க. அடிமையால எதையும் வாரிசா அடைய முடியாது."

"பாவம்," என்றார் ஸ்கொயர், உண்மையாகவே மனம் கசிந்து. "உலகத்துல யாருமே இல்லாமப் போயிருக்கான்."

பாவம், யாருமே இல்லாத அந்த மனிதனின் மனைவியும் மகளும் அவருக்கு எதிரே பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். வாரிசில்லாத சொத்தை ஏலம் போட்டு, பணத்தை ஏழை வெள்ளைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குச் சேர்க்க வேண்டும் என்பது சட்டம். மக்கள் படிக்கப் படிக்கத்தான் சுதந்திரம் வேர் பிடிக்கும் என்று கர்னல் டிக்பி ஒரு சிறிய பேச்சு பேசினார்.

மறுநாள் காலை நீதிமன்றப் படிக்கட்டில் ஏலம். முதலில் பர்வெலின் வாளி, கயிறு, மண்வெட்டிகள் எல்லாம் போயின. தங்கள் முறை வரும்வரை தாமார் கீழ்ப்படியில் உட்கார்ந்து லெட்டியை முழங்கால்களுக்கிடையில் நிறுத்தித் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அவசரப்படவே இல்லை. வகிடு எடுத்து, சிறு சிறு பின்னலாக, இழுத்து இழுத்து. "வலிக்குதும்மா," என்று லெட்டி சொல்லிக்கொண்டிருந்தாள். "ஆடாம நில்லு. இறுக்கமா இருந்தாத்தான் ரொம்ப நாளைக்கு வரும்," என்றாள் தாமார்.

ஏலக்காரர் தாமாரின் கையைப் பிடித்து மேலே ஏற்றியபோது ஒரு பக்கம்தான் முடிந்திருந்தது.

அவர் தொழில் தெரிந்த மனிதர். ஸ்கோகினிடமிருந்து தீர்ப்பு நகலை வாங்கி அதையே உரக்கப் படித்தார். "கனவான்களே, இது என் வார்த்தை இல்ல. ஏழு நீதிபதிகள் கையெழுத்துப் போட்டுச் சொல்றாங்க: அசாதாரணத் தகுதி! இந்த மாதிரிச் சான்றிதழோட ஒரு பொம்பளை இந்தப் படியில ஏறினதே இல்ல!"

விலை ஏறிற்று. மாவுமில் அப்னர் தன் குரல் உடையும்வரை கேட்டுப் பார்த்தார். அந்தச் சான்றிதழ் படிக்கப்படாமல் இருந்திருந்தால் அவருக்குக் கட்டுப்படியாகியிருக்கும். கடைசியில் ஜார்ஜியாவிலிருந்து வந்திருந்த வியாபாரி ஒருவன் வாங்கினான்.

"அந்தக் காகிதமும் இவகூட வருதா?" என்று அவன் கேட்டான்.

"அது இந்தக் கவுண்டிக்கு உள்ளதான் செல்லும்," என்றார் ஸ்கோகின். "இவ இங்க வசிக்கிற உரிமை பத்திரமா எங்ககிட்டயே இருக்கும். நீங்க கவலைப்படாதீங்க." தூசி தட்டி, மடித்து, பெட்டிக்குள் வைத்தார்.

லெட்டியை ஸ்கொயரே வாங்கினார். இந்தப் பிஞ்சு ஜார்ஜியாவுக்குப் போவதைப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. பேரனின் தொட்டிலை ஆட்டவும் ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஊரே அவருடைய இரக்கத்தைப் பேசிற்று.

வண்டி கிளம்பும்போது தாமார் கத்தவில்லை. அவளுடைய வலது கை மட்டும், பின்னலின் அடுத்த இழையைப் பிடித்திருப்பதுபோல, இரண்டு விரல்களைச் சேர்த்து வைத்துக்கொண்டே போனது.

லெட்டி எங்கள் சமையற்கட்டுக்கு வந்தாள். ஒரு பக்கம் பின்னல், ஒரு பக்கம் பரட்டை. எஜமானியம்மா பார்த்துவிட்டு, தொட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறவள் இப்படியா இருப்பாள் என்று என்னிடம் சீப்பைக் கொடுத்தனுப்பினார்கள்.

"அந்தப் பக்கம் நான் பின்னிவிடறேன், வா கண்ணு," என்றேன்.

இரண்டு கைகளாலும் தலையின் அந்தப் பரட்டைப் பக்கத்தைப் பொத்திக்கொண்டாள்.

"வேண்டாம். அம்மா இன்னும் முடிக்கல."